லினக்ஸில் பாஸ், விண்டோஸில் ஃபெயில்

எக்ஸ் என்ற எண்ணிலிருந்து 1-ஐக் கழிக்க வேண்டும். நேராகக் கழிக்காமல், முதலில் 0.5-ஐக் கழித்து, வந்ததிலிருந்து இன்னொரு 0.5-ஐக் கழிக்க வேண்டும். வில்லியம் கோடி, வில்லியம் வெய்ட் என்ற இருவர் 1980-ல் வெளியிட்ட கணிதச் சார்புகளுக்கான மென்பொருள் கையேட்டில், மடக்கை கணக்கிடும் இடத்தில் இந்த வழிதான் இருக்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த கழித்தலை ஏன் இப்படி இரண்டாக உடைக்க வேண்டும்? அன்றைய இயந்திரங்கள் சிலவற்றில் நேரான கழித்தல் தப்பாக வந்தது. அதற்காகத்தான்.

மூன்று இலக்கம் மட்டுமே வைத்துக்கொள்ளும் ஓர் இயந்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1.00-லிருந்து 0.999-ஐக் கழிக்கச் சொல்கிறோம். புள்ளிக்கு நேராகப் புள்ளி வைத்து அடுக்கும்போது, 0.999-ன் கடைசி 9-க்கு இடமில்லை, அது விழுந்துவிடுகிறது. இப்போது இயந்திரம் கழிப்பது 0.99-ஐ. விடை 0.01 என்கிறது. சரியான விடை 0.001. பத்து மடங்கு தப்பு! விழும் இலக்கத்தைத் தாங்கிப் பிடிக்க ஒரே ஒரு கூடுதல் இடம் இருந்திருந்தால் போதும். அதைக் காவல் இலக்கம் என்பார்கள். 1964-ல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 360 வரிசைக் கணினிகளில் இரட்டைத் துல்லியக் கணக்குக்கு இந்தக் காவல் இலக்கம் முதலில் இல்லை. வாடிக்கையாளர்கள் விடாமல் முறையிட்ட பிறகு, விற்றுப்போன இயந்திரங்களைத் தேடிப்போய் ஐபிஎம் தன் செலவில் திருத்தியது. கிரே சூப்பர் கம்ப்யூட்டர்களோ 1990-களின் தொடக்கம்வரை அந்த இலக்கம் இல்லாமலேயே ஓடின.

மென்பொருள் சோதனை வேலையில் இருப்பவர்கள் இந்தப் பழைய கதையைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் நினைக்கிறேன். இன்றைக்கும் நம் பில்ட் அறிக்கையில் வாரம் ஒருமுறையாவது ஒரு வரி வந்து நிற்கிறது: லினக்ஸில் பாஸ், விண்டோஸில் ஃபெயில். எதிர்பார்த்த எண்ணும் வந்த எண்ணும் கடைசி இலக்கத்தில் மட்டும் வேறாக இருக்கும். அப்போது நம் கை தானாகப் போவது எங்கே? டாலரன்ஸுக்கு. ஒப்பிடும்போது இவ்வளவு வித்தியாசம் பரவாயில்லை என்று எழுதிவைத்திருக்கும் அந்த எண்ணைக் கொஞ்சம் பெரிதாக்கினால் சிவப்பு பச்சையாகிவிடும். அந்தப் பழக்கம் எந்தக் காலத்தில் பிறந்தது, இன்று அதற்கு இடம் உண்டா என்பதைத்தான் இங்கே பேச வருகிறேன்.

அன்று டாலரன்ஸ் ஒரு நியாயமான ஏற்பாடு. ஐபிஎம் பதினாறின் அடிப்படையில் கணக்குப் போட்டது. டெக் நிறுவனத்தின் வாக்ஸ் இரண்டின் அடிப்படையில் நான்கு வகை எண்களை வைத்திருந்தது. கிரேயின் வழி தனி வழி. ஒரே நிரலை மூன்று இடத்தில் ஓட்டினால் மூன்று விடை வரும். மூன்றில் எது சரி என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. சரியான விடையை அறிய, அந்த இயந்திரத்தைவிடத் துல்லியமான ஒன்று கைவசம் வேண்டும். அது பெரும்பாலும் இல்லை. அதனால் கோடியும் வெய்ட்டும் ஓர் அழகான உபாயம் செய்தார்கள். சைன் சார்பைச் சோதிக்க அந்தச் சார்பையே சாட்சிக்கு அழைத்தார்கள். ஒரு கோணத்தின் சைனையும், அந்தக் கோணத்தில் மூன்றில் ஒரு பங்கின் சைனையும் கணக்கிட வேண்டும். மூன்றில் ஒரு பங்கின் சைனை மூன்றால் பெருக்கி, அதன் கனத்தை நான்கால் பெருக்கிக் கழித்தால் முதல் விடை வர வேண்டும் என்பது பள்ளிக்கூட முக்கோணவியல். இரண்டும் எவ்வளவு விலகுகிறது என்று பார்த்தார்கள். வெளியிலிருந்து விடைத்தாள் எதுவும் வேண்டாம். ஆதாரமே இல்லாத இடத்தில் ஆதாரத்தை உண்டாக்கிய அந்தப் புத்தியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

அதே காலத்தில் பெர்க்லியின் வில்லியம் கஹான் 'பாரனாய்யா' என்றொரு சோதனை நிரலை பேசிக் மொழியில் எழுதினார். அதை ஓட்டினால், அந்தக் கணினியின் எண்கணிதத்தைத் துருவித் துருவிக் கேட்டு, கண்ட குறைகளைத் தரம் பிரித்துச் சொல்லும்: தோல்வி, கடுமையான குறை, குறை, மாசு என்று நான்கு படி. 1983-ல் எழுதப்பட்ட அது பின்னர் பாஸ்கல், சி, ஃபோர்ட்ரான் மொழிகளுக்கும் போனது. 'விலகுகிறது' என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், எவ்வளவு கெட்டது என்று பெயர் வைத்துச் சொன்னதுதான் அதன் பெருமை.

1985-ல் கணினி எண்கணிதத்துக்கான ஐஇஇஇ 754 தரநிலை வந்தது. கஹானின் உழைப்பு அதில் பெரியது. 1989-ல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகியவற்றில் மெய்யான விடைக்கு மிக அருகில் உள்ள எண்ணையே தர வேண்டும் என்று அந்தத் தரநிலை கட்டாயமாக்கியது. அந்தக் கட்டாயத்தின் கீழ் சைனும் மடக்கையும் அடுக்குச் சார்பும் வரவில்லை. இன்றைய நம் தலைவலியின் வேர் அங்கேதான்.

ஏன் வரவில்லை என்பது மடக்கை அட்டவணையைப் புரட்டிய தலைமுறைக்கு எளிதாகப் புரியும். கால்குலேட்டர் கைக்கு வராத நாளில் தமிழ்நாட்டு மேல்நிலை வகுப்புகளில் அந்த மெல்லிய புத்தகம் இல்லாமல் இயற்பியல் செய்முறைத் தேர்வுக்குப் போக முடியாது. அதை அச்சிட்டவரின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு மடக்கை 0.34565 என்று வருகிறது; நான்கு இலக்கத்துக்குச் சுருக்க வேண்டும். 0.3456 என்று போடுவதா, 0.3457 என்று போடுவதா? இன்னும் சில இலக்கம் கணக்கிட்டால் தெரியும். கணக்கிடுகிறீர்கள்: 0.345650. இன்னும் போகிறீர்கள்: 0.3456500. எத்தனை தூரம் போனால் தெரியும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. இதற்குக் கஹான் வைத்த பெயரே அட்டவணைக்காரரின் சங்கடம். அந்தச் சங்கடத்தால்தான் தரநிலை எழுதியவர்கள் அந்தச் சார்புகளை லைப்ரரி எழுதுவோரின் பொறுப்பில் விட்டார்கள். லினக்ஸில் ஜிலிப்சி, ஆல்பைன் லினக்ஸில் மசில், விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் யூசிஆர்டி, மேக்கில் ஆப்பிளின் லைப்ரரி என்று ஊருக்கு ஒரு கணித லைப்ரரி ஆனது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கடைசி இலக்கம்.

அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளை நான் இடைக்காலம் என்பேன். இயந்திரங்கள் ஒன்றுபட்டுவிட்டன என்று பேச்சு, உண்மை வேறு. இன்டெலின் பழைய மிதவைப்புள்ளி அலகு 80 பிட்டில் கணக்கிட்டு, நினைவகத்தில் எழுதும்போது 64 பிட்டாகச் சுருக்கியது. ஒரே கணக்கின் இரண்டு விடைகளில் ஒன்று அலகுக்குள்ளும் மற்றது நினைவகத்திலும் இருந்தால், தன்னோடு தானே சமமில்லை என்று நிரல் சொல்லும். என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு பிரிண்ட் வரி சேர்த்தால், எண் நினைவகத்துக்கு இறங்கி, பிழை மறைந்துவிடும். ஜிசிசி கம்பைலரின் பிழைப்பட்டியலில் 323 என்ற எண் இதனாலேயே பிரபலம். 2000-ல் பதிவான அதில், அதே புகாரை மறுபடி மறுபடி வேறு வேறு ஆட்கள் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

அதே சிப்பில் சைன் கணக்கிடத் தனிக் கட்டளையும் இருந்தது. அது பை மதிப்பை 66 பிட்டுக்கு மட்டுமே வைத்திருந்தது. பையை இரட்டைத் துல்லியத்தில் எழுதி அதன் சைனைக் கேளுங்கள். பூஜ்யம் வராது, வரவும் கூடாது. கணினியில் இருப்பது பையின் மிக நெருங்கிய தோராயம். மிச்சத் துணுக்குதான் விடை. சரியான விடை 0.000000000000000122464679914735. அந்தக் கட்டளை தந்தது 0.000000000000000122460635382238. ஐந்து இலக்கம் ஒத்துப்போய் ஆறாவதில் பிரிந்துவிட்டது. பதினாறு இலக்கம் தருவதாகச் சொல்லும் இயந்திரத்துக்கு இது சின்னத் தப்பில்லை. ஆனால் கடைசி இடத்தில் ஓர் அலகுக்கு மேல் பிழை வராது என்று இன்டெல் கையேடு பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தது. 2014-ல் ஒரு பொறியாளர் எண்களோடு எடுத்துக்காட்டிய பிறகே அந்த வாசகத்தைத் திருத்தினார்கள். அதுவரை அந்தக் கட்டளையை நம்பிய லைப்ரரிகளில் சிவப்பான டெஸ்ட்டுகளுக்கெல்லாம் எத்தனை பேர் டாலரன்ஸைக் கூட்டியிருப்பார்கள்!

1994-ன் பென்டியம் கதையைப் பலரும் அறிவார்கள். வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்தபோது வகுத்தல் தப்பாக வருவதைக் கண்டார். 1,066 இடங்கள் கொண்ட அட்டவணையில் 5 இடம் விடுபட்டிருந்தது காரணம். இன்டெல் 47.5 கோடி டாலரைக் கணக்கில் எழுதியது. நான் இதில் கவனிப்பது வேறொன்றை. பிழை வெளியே தெரிந்த சில வாரங்களுக்குள் வந்த மாற்றுவழி எல்லாருடைய வகுத்தலையும் தொடவில்லை. வகுக்கும் எண் ஆபத்தான பகுதியில் விழுகிறதா என்று முதலில் பார்த்தது. விழுந்தால் மட்டும் வகுபடும் எண், வகுக்கும் எண் இரண்டையும் பதினாறில் பதினைந்தால் பெருக்கி, ஆபத்திலிருந்து நகர்த்திவிட்டு வகுத்தது. நோய் இருக்கும் இடத்துக்கு மட்டும் மருந்து.

இதே ஒழுங்கை ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்திலும் பார்க்கலாம். 2004-ல் தொடங்கிய எல்எச்சி அட் ஹோம் திட்டத்தில், துகள்முடுக்கிக்கான கணக்குகளைப் பொதுமக்களின் வீட்டுக் கணினிகளுக்கு அனுப்பினார்கள். வந்த விடை நம்பத்தக்கதா என்று அறிய ஒரே கணக்கை இரண்டு பேருக்குக் கொடுத்து ஒப்பிட வேண்டும். லட்சக்கணக்கான முறை சுற்றிவரும் துகளின் பாதையில் முதல் சுற்றின் கடைசி இலக்க வித்தியாசம் போகப் போகப் பெருத்துவிடும். இங்கே டாலரன்ஸ் உதவாது. பிட்டுக்குப் பிட் ஒத்துப்போக வேண்டும். பிரான்சின் லியோன் நகரில் உருவான, சரியான ரவுண்டிங் தரும் சிஆர்லிப்எம் லைப்ரரியை நிரலுக்குள்ளேயே வைத்து அனுப்பினார்கள். கணினியில் எந்த லைப்ரரி இருந்தாலும் அதைத் தொட வேண்டியதில்லை.

இன்றைய நிலைக்கு வருகிறேன். 2020 மே மாதம் விண்டோஸ் 10-ன் 2004 என்ற பதிப்பு வெளியானது. அதன் பிறகு பைதான் உலகில் நம்பை லைப்ரரியைப் பயன்படுத்துவோருக்கு ஒரு விசித்திரம் நேர்ந்தது. 0 முதல் 168 வரை எண்களை 13-க்கு 13 அணியாக அடுக்கி, ஒவ்வொன்றையும் 17-ஆல் வகுத்த மீதியை எடுத்து, அந்த அணியின் ஐகன் மதிப்புகளைக் கேட்டால், கணக்கு குவியவில்லை என்று நிரல் விழுந்தது. அதே நிரல் லினக்ஸில் சுத்தமாக ஓடியது. ஐகன் மதிப்பு கணக்கிடும் பகுதியில் குற்றமில்லை. மீதி எடுக்கும் சார்பு விண்டோஸின் கணித லைப்ரரியில் இருக்கிறது. அதன் பெயர் எஃப்மாட். தன் விடையைச் சரியாகச் சொல்லிவிட்டு, போகும்போது சிப்பின் பழைய மிதவைப்புள்ளி அலகைக் கலைந்த நிலையில் விட்டுவிட்டுப் போனது அது. பிறகு நம்பையோடு வரும் ஓப்பன்பிளாஸ் லைப்ரரியின் அசெம்ப்ளிப் பகுதி அதே அலகைத் தொட்டபோது குப்பை வந்தது. குற்றம் ஒரு வீட்டில், கூச்சல் இன்னொரு வீட்டில்.

நம்பை குழு செய்ததைப் பாருங்கள். அக்டோபர் இறுதியில் வந்த 1.19.3 பதிப்பில், இந்தப் பிழையைச் சுற்றிப்போகும் புதிய ஓப்பன்பிளாஸைச் சேர்த்தார்கள். அது சில டாக்கர் சூழல்களில் வேறு சிக்கலைக் கொண்டுவந்தது. சில நாட்களிலேயே 1.19.4 வெளியிட்டு, பழைய ஓப்பன்பிளாஸுக்குத் திரும்பினார்கள். அதோடு, நம்பையை நிரலுக்குள் இம்போர்ட் செய்யும்போதே ஒரு சிறு சோதனை ஓடும்படி வைத்தார்கள். விண்டோஸில் அந்தப் பிழை இருந்தால், தொடர்ந்து ஓடாமல், காரணத்தைப் பெயர் சொல்லி நின்றுவிடும். பயனருக்கு எரிச்சல்தான். ஆனாலும் தப்பான விடையோடு ஓடுவதைவிட நின்றுபோவது மேல் என்று துணிந்தார்களே, அது சரியான முடிவு. 2021 தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது.

அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான் என்று எனக்குப் படுகிறது: இன்று பிழைக்கு முகவரி உண்டு. எந்த லைப்ரரி, எந்தப் பதிப்பு, எந்தச் சார்பு, எந்த எண்ணுக்கு என்று சொல்ல முடியும். 2000-ல் வந்த எம்பிஎஃப்ஆர் லைப்ரரியைக் கேட்டால் ஒரு சைனுக்கு இருநூறு இலக்கம் தரும். கோடியும் வெய்ட்டும் ஏங்கிய விடைத்தாள் இன்று இலவசமாகக் கிடைக்கிறது. 32 பிட் எண்களுக்கு மாதிரி எடுக்கக்கூட வேண்டியதில்லை. மொத்தமே 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 எண்கள்தான். சாதாரணக் கணினியில் எல்லாவற்றையும் சோதித்துவிடலாம். பிரான்சின் பால் சிம்மர்மனும் உடனுழைப்பவர்களும் கோர்-மேத் என்ற பெயரில் சரியான ரவுண்டிங் தரும் சார்புகளை எழுதிவருகிறார்கள். 2025 ஜனவரியில் வந்த ஜிலிப்சி 2.41, அவற்றில் பல 32 பிட் சார்புகளை ஏற்றுக்கொண்டது. ஜிலிப்சியின் மூலநிரலில் ஒவ்வொரு சிப் வகைக்கும் ஒரு கோப்பு உண்டு. எந்தச் சார்பு கடைசி இடத்தில் எத்தனை அலகு விலகலாம் என்று அதில் எண்ணாகவே எழுதியிருக்கும்.

மற்றவர்களும் முகவரி எழுதும் பழக்கத்துக்கு வந்துவிட்டார்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் சோதனைகளில் ரிசல்ட்மேப் என்ற கோப்பு, இந்த இயங்குதளத்தில் இந்த டெஸ்ட்டுக்கு இந்த விடைத்தாள் என்று தனித்தனியே குறித்துவைக்கிறது. பைதானின் மூலநிரலில், சில இயங்குதளங்களின் ஒரு மடக்கைச் சார்பு கழித்தல் பூஜ்யத்தின் குறியைத் தொலைத்துவிடுகிறது என்று கருத்துரை எழுதி, அதற்கு மட்டும் தனி வழி வைத்திருக்கிறார்கள். பைடெஸ்ட்டில் ஒரு டெஸ்ட்டை 'தோற்கும் என்று தெரியும்' எனக் குறிக்கலாம். அதைக் கண்டிப்பான வகையாகக் குறித்தால், என்றைக்கு அது பாஸ் ஆகிறதோ அன்றைக்குச் சிவப்பு காட்டும். லைப்ரரிக்காரர் பிழையைத் திருத்திவிட்டார், உன் விதிவிலக்கை எடுத்துவிடு என்று அதுவே வந்து சொல்லும். இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

எல்லா வித்தியாசமும் லைப்ரரியின் பிழையில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எக்ஸின் வர்க்கத்திலிருந்து ஒய்யின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுக்கும் ஒரு வரி இருக்கிறது. இரண்டும் சமமானால் விடை பூஜ்யம். ஆர்ம் சிப்புகளுக்குச் சில கம்பைலர்கள் கேட்காமலேயே பெருக்கலையும் கழித்தலையும் ஒரே கட்டளையாக இணைத்துவிடும். அப்போது ஒரு வர்க்கம் ரவுண்ட் ஆகியிருக்கும், மற்றது ஆகியிருக்காது. கழித்தால் பூஜ்யத்துக்குப் பதில் ஒரு துணுக்கு மிஞ்சும். அந்தத் துணுக்கு கழித்தல் குறியோடு வந்தால் வர்க்கமூலம் 'எண் அல்ல' என்று கைவிரித்துவிடும். 2020-ல் ஆப்பிளின் எம்1 வந்து ஆர்ம் சிப்பு நிரலாளர்களின் மேசைக்கே வந்த பிறகு இந்த மாதிரிச் சிவப்புகள் பெருகின. இங்கே குற்றவாளி லைப்ரரி அல்ல, நம் வரிதான். டாலரன்ஸைக் கூட்டியிருந்தால் இதைக் கண்டுபிடித்திருக்க மாட்டோம்.

இதை அடித்துச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. சென்னையில் நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், ஒரு இயங்குதளத்தில் ஃபெயிலான ஒரே ஒரு டெஸ்ட்டுக்காக, எல்லா டெஸ்ட்டுகளுக்கும் பொதுவான டாலரன்ஸைப் பன்னிரண்டாம் தசம இடத்திலிருந்து ஆறாம் இடத்துக்கு யாரோ தளர்த்தியிருந்தார்கள். ஏன் என்று ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை. பிறகு எங்கள் சொந்த நிரலில் ஒரு தப்பு நுழைந்தது. அது காட்டியது எட்டாம் இடத்தில். எங்கள் டெஸ்ட்டுகள் அனைத்தும் பச்சை. வாடிக்கையாளர்தான் கண்டுபிடித்துச் சொன்னார், மாதக்கணக்கில் கூட்டுத்தொகைகள் விலகிப்போன பிறகு. தளர்த்தியவர் சோம்பேறி இல்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் பழைய காலத்தின் வழியைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

ஆகவே இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை கடைசி இலக்கம் சண்டை போட்டால், டாலரன்ஸைத் தொடுவதற்கு முன், அந்த ஓர் எண்ணை எம்பிஎஃப்ஆரிடம் கொடுத்து மெய்யான விடை என்ன என்று கேளுங்கள். பத்து நிமிட வேலை. தப்பு லைப்ரரியுடையது என்றால், அதன் பெயரையும் பதிப்பையும் போட்டு, அந்த இயங்குதளத்துக்கு மட்டும், அந்த டெஸ்ட்டுக்கு மட்டும் விதிவிலக்கு எழுதுங்கள். எழுதிய கையோடு அந்த லைப்ரரியைப் பராமரிப்பவர்களுக்கும் புகாரை அனுப்பிவிடுங்கள்.